மூன்றாவது ஓட்டு

சிக்காகோ,
1931 அக்டோபர் 5

அன்புள்ள எலிசா அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சில நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. என் அறையில் உட்கார்ந்து எழுத இடமில்லை. கட்டிலிலும் கட்டிலுக்கு அடியிலும் ஜன்னல் படியிலும் பத்திரிகைகள்.

பேராசிரியர் ஹார்ட்லி வருஷந்தோறும் ஒரு புத்தகம் கொண்டுவருகிறார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அந்த வருஷம் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளில் சிறந்த இருபதை எடுத்து ஒரே தொகுப்பாகப் போடுவார். இதுவரை நான் அவருக்காகப் படித்து, தேறாதவற்றைக் கழித்துக் கொடுத்துவந்தேன். இந்த வருஷம் மூன்று நடுவர்களில் ஒருவரான கிழவர் நோயில் படுத்துவிட்டார். அவர் இடத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார் ஹார்ட்லி. ஆக, ஹார்ட்லி ஒருவர். செய்தித்தாளில் புத்தக மதிப்புரை எழுதும் மிஸஸ் போர்ட்டர் ஒருவர். மூன்றாவதாக நாகர்கோவில் மீனாட்சிபுரம் உபதேசியார் மகன்.

சிரிக்காதே. எனக்கே முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. இங்கே வங்கிகள் மூடுகின்றன, வேலை போனவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள், கதை எழுதுகிறவர்கள் பாதிப்பேர் இன்னும் பனி பெய்வதையே வர்ணித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லவையும் உண்டு. நிலத்தை ஏலத்தில் இழந்த ஒரு கோதுமை விவசாயி தன் குதிரைக்குக் கடைசியாகத் தண்ணீர் காட்டுகிற கதை ஒன்று வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கொஞ்சதூரம் நடந்து வந்த பிறகுதான் அடுத்ததை எடுக்க முடிந்தது.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

ஒரு மாதப் பத்திரிகையில் ‘ஆயாவின் காணிக்கை’ என்று ஒரு கதை. எழுதியவர் மிஸஸ் ஹாலண்ட். நம் ஊர் மிஷன் பங்களாவில் இருந்த அதே ஹாலண்ட் துரைசாணி. எனக்கு அவர் முகம் நினைவில்லை, உனக்கு இருக்கும். கதையில் ஊர்ப்பெயர் கிடையாது. இந்தியாவின் தென்கோடியில், மலையடிவாரத்து வயல்களுக்கு நடுவே ஒரு பங்களா. ஆயாவுக்கு மார்த்தா என்று பெயர் கொடுத்திருக்கிறார். ஆயாவின் கைப்பிள்ளைக்கு மட்டும் ஏனோ பெயரை மாற்றவில்லை. ஏசுவடியான் என்றே எழுதியிருக்கிறார்.

நம் தம்பியின் பெயர்.

காய்ச்சல் காலம். பங்களாவில் துரைசாணியின் மகளுக்குக் காய்ச்சல். ஆயாவின் குடிசையில் அவள் பிள்ளைக்கும் காய்ச்சல். ‘நீ உன் பிள்ளையிடம் போ’ என்று துரைசாணி கெஞ்சுகிறார். ஆயா போக மறுத்து வெள்ளைக் குழந்தையின் கட்டிலருகே முழங்காலில் நிற்கிறாள். வெள்ளைக் குழந்தை பிழைக்கிறது. அவள் பிள்ளை குடிசையில் தனியே சாகிறது. செய்தி வந்ததும் அவள் புன்னகைத்து, ‘என் காணிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்கிறாள். அத்தோடு கதை முடிகிறது.

இரணியல் அத்தை நம்மிடம் சொன்னதும் இதுதானே, அக்கா? அத்தை திட்டிச் சொன்னாள், இந்த அம்மாள் புகழ்ந்து சொல்கிறார்.

என்னிடம் இரண்டு பிரதி இருப்பதால், ஒன்றிலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழித்து இத்துடன் வைக்கிறேன். மார்ச் கடைசியில் நாங்கள் ஓட்டுப் போட வேண்டும். அதற்குள் கேட்டு எழுது. நடந்தது இதுதானா என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் அவளுக்கு எழுதுவதாக இல்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

தம்பி மத்தியாஸ்

*

நாகர்கோவில்,
1931 நவம்பர் 19

தம்பி மத்தியாஸுக்கு,

பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்த உன் கடிதத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதப் போட்டுவிட்டுப் படித்தேன். படித்த பிறகு அவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்கவில்லை.

நீ நடுவரான சமாச்சாரத்தை அம்மாவிடம் சொன்னேன். “எதுக்கு நடுவரு, வயல் வழக்குக்கா?” என்று கேட்டாள். கதைக்கு என்றேன். “கதைக்கும் வழக்கு உண்டுமா?” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்சநேரம் கழித்துப் பக்கத்து வீட்டு ஜெபகுமாரியிடம், “அமெரிக்காவுல வெள்ளக்காரனுவளுக்கே எனக்க மவன்தான் தீர்ப்புச் சொல்லுகான்” என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

உன் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு விசாரிப்புக் கிடையாது. கடைசியில் ‘அவளுக்கு’ என்று ஒரு சொல். யாருக்கு? நம் வீட்டுக்குத் தயிர் கொண்டுவருகிறவளுக்கா? அமெரிக்கா போன நாளிலிருந்து எனக்கு எழுதுகிறாய். ஒவ்வொரு முறையும் ‘எல்லோரையும் விசாரித்தான்’ என்று அவளிடம் பொய் சொல்கிறேன். அவளும் நம்புகிறதுபோல் தலையை ஆட்டுகிறாள். எனக்கு அலுத்துவிட்டது.

கதையைப் படித்தேன். துரைசாணியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குட்டையான ஆள், சிரித்தால் கண் மறைந்துவிடும். அவருடைய மகள் ஆலிஸ் நம் முற்றத்தில் வெறுங்காலோடு ஓடுவாள், அவர் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடுவார். நல்ல மனுஷி. அதனால்தான் இந்தக் கதையை வெறும் பொய் என்று தூக்கி எறிய முடியவில்லை.

நமக்கு என்ன தெரியும், யோசித்துப் பார். தெருவில் காய்ச்சல் கண்டதும் அப்பா மேற்கே சபைகளுக்குப் போகிற வழியில் நம் இரண்டு பேரையும் இரணியலில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். எனக்கு எட்டு வயது, உனக்கு நாலு. தம்பி கைப்பிள்ளை என்று, பங்களாவில் ஆயாவாக இருந்த அம்மாவிடமே இருந்தான். பிறகு சாவுச் செய்தி வந்து அத்தை மட்டும் நாகர்கோவிலுக்குப் போய்த் திரும்பினாள். “பிள்ளையப் பொதச்ச மறுநாளு, பங்களாவுல அந்த வெள்ளப் பிள்ளைக்கக் கட்டிலு பக்கத்துல இருக்கா ஒங்கம்ம” என்று சொன்னாள். அத்தை கண்ணால் கண்டது அவ்வளவுதான். மற்றதை அவள் சேர்த்தாளா, நாம் சேர்த்துக்கொண்டோமா, எனக்குத் தெரியாது.

கேட்டு எழுது என்கிறாய். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அப்பா சாகும்வரை சொல்லவில்லை. ஈஸ்டர் காலையில் கல்லறைக்குப் போகும்போது அம்மா சின்ன மேட்டின் பக்கம் என்னை வரவிட மாட்டாள், தான் மட்டும் போய் நிற்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், சிக்காகோவில் ஓட்டு எடுக்கிறார்கள், நீ பிள்ளையை விட்டுவிட்டுப் போனாயா என்று கேட்கவா?

ஒன்றை மட்டும் தெளிவாக எழுது. கேட்பது உன் ஓட்டுக்காகவா, உனக்காகவா? ஓட்டுக்காக என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அக்கா எலிசா

*

நாகர்கோவில்,
1931 டிசம்பர் 27

மத்தியாஸ்,

உன் பதில் வரக் காத்திருக்காமல் இதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று கோயில் முடிந்து வந்து இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போதே கேட்டுவிடலாம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். அவள் உனக்குப் பிடித்த அச்சுமுறுக்கைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். யாருக்கு என்றேன். “சும்மா” என்றாள்.

கேட்கவில்லை.

எ.

*

சிக்காகோ,
1932 ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நவம்பரில் நீ எழுதியது கிடைத்தது. தயிர்க்காரியைப் படித்து வெட்கப்பட்டேன். உன் கேள்விக்குப் பதில்: எனக்காக.

இரணியலிலிருந்து நம்மைக் கூட்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு அந்த வயதில் நினைவிருப்பது அது ஒன்றுதான். அம்மா முற்றத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். நான் அத்தையின் சேலைக்குப் பின்னால் போனேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, அக்கா. பயம். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இவள் பங்களாவுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அதன் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவள் என் பக்கத்திலேயேதான் இருந்தாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் அந்தப் பயம் போகவில்லை. வளர்ந்ததும் அது பயம் என்பது மறந்துபோய், அவளிடம் பேச எதுவும் இல்லை என்பது மட்டும் மிஞ்சியது. கப்பலேறப் புறப்பட்ட அன்று அவள் என் சட்டைப் பித்தானைச் சரி செய்தாள். ‘போதும்’ என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே நிலைமை சிக்கலாகியிருக்கிறது. மூன்று பேரும் தனித்தனியே படித்துவிட்டு போன வாரம் கூடினோம். பெரும்பாலான கதைகளில் கருத்து ஒத்துப்போயிற்று. குதிரைக்குத் தண்ணீர் காட்டும் கதையை மூவருமே முதல் வரிசையில் வைத்திருந்தோம். ‘ஆயாவின் காணிக்கை’யில் வந்து நின்றுவிட்டது. ஹார்ட்லிக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் படிக்கும்போது கண் கலங்கியதாகச் சொன்னார். மிஸஸ் போர்ட்டருக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரை அதிகம் என்கிறார். ஆக, என் ஓட்டுத்தான் தீர்மானிக்கும். இந்தியாவைப் பற்றிய கதை என்பதால் நான் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு என்று வேறு ஹார்ட்லி சொல்லிவிட்டார். என் வீட்டைப் பற்றிய கதை என்று அவருக்குத் தெரியாது. யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறேன்.

தள்ளிவிடலாம். அதற்குக் கை கூசாது. ஆனால் கதை பிடிக்காமல் தள்ளினேனா, அம்மாவின் பெயர் கெடக்கூடாது என்று தள்ளினேனா, இல்லை அம்மாவின் மேல் உள்ள வருத்தத்தில் தள்ளினேனா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். சேர்க்கச் சொன்னால், அது உண்மை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். அந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் என்னால் அதைக் கதையாகப் படிக்க முடியவில்லை.

நீ கேட்கவில்லை என்றாலும் உன்மேல் குறை சொல்ல மாட்டேன்.

மத்தியாஸ்

*

நாகர்கோவில்,
1932 பிப்ரவரி 16

மக்கா மத்தியாஸ்,

கேட்டுவிட்டேன். நீ எங்கேயாவது உட்கார்ந்து படி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை அம்மா கொல்லைப்புறத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். ஹாலண்ட் துரைசாணி ஒரு கதை எழுதியிருக்கிறார், மத்தியாஸ் அனுப்பியிருக்கிறான், வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வாசி என்றாள். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஏசுவடியான் என்ற பெயர் வந்தபோது அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் புளியை எடுத்தாள்.

முடித்ததும் அவள் முதலில் கேட்டது, “தொரசாணிக்குச் சொகந்தானா? அந்தப் பிள்ள ஆலீசு இருக்காளா?” என்றுதான்.

எனக்குத் தெரியாது என்றேன். கொட்டையை எடுத்து எறிந்துவிட்டு, “அவ அங்க இல்லியே, பிள்ளே” என்றாள்.

யாரு இல்லை என்று கேட்டேன்.

“தொரசாணி. அவதான் ஊருலயே இல்லியே.”

நடந்தது இதுதான். துரையும் துரைசாணியும் திருவனந்தபுரத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். ஆலிஸை அம்மாவை நம்பி விட்டுவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பழையாறு கரைக்கு மேலே ஓடியது, மேற்கே ரோடெல்லாம் உடைந்துபோய் அவர்களும் வர முடியவில்லை, அப்பாவும் வர முடியவில்லை. முதலில் ஆலிஸுக்குக் காய்ச்சல் கண்டது. அன்று சாயங்காலமே தம்பிக்கும். பங்களாவில் சமைக்கும் குசினிக்காரன் பயந்து ஓடிவிட்டான். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. பங்களாவில் ஒரு பிள்ளை, வீட்டில் ஒரு பிள்ளை, அம்மா ஒருத்தி.

இனி அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ரெண்டு எடத்துக்கும் எப்பிடி ஓடுகது? வெள்ளப் பிள்ளையத் தோளுல போட்டு மழையோட மழையா நம்ம வீட்டுக்குத் தூக்கியாந்தேன். நனையாமக் கெடந்தது ஒரு பாயிதான். ரெண்டு பேரையும் அதுலயே கெடத்தினேன். தலமாட்டுல நான். பழஞ்சேலையக் கிழிச்சு நனச்சு, நீளமா ரெண்டு நெத்தியிலயும் சேத்துப் போட்டேன். இவன் பெரண்டா அவளுக்கத் துணி நழுவும், அவ பெரண்டா இவனுக்கது. அத இழுத்து இழுத்து விட்டுட்டே இருந்தேன். அவ்வளவுதான் பிள்ளே எனக்குச் செய்யத் தெரிஞ்சுது.”

தம்பி ஒரு மத்தியானம் போனான். “எனக்க மடியிலதான் போனான். தண்ணி கேட்டான். குடிச்சான். எனக்கப் பெருவெரலப் பிடிச்சிட்டுக் கெடந்தான்” என்றாள். அன்று சாயங்காலம் அப்பா கழுத்தளவு தண்ணீரில் நீந்தி வந்து சேர்ந்தார். அப்பாதான் பாயிலிருந்து அவனைத் தூக்கினாராம். மறுநாள் அடக்கம்.

அதற்குப் பிறகும் ஆலிஸுக்குச் சூடு இறங்கவில்லை. மழை விட்டிருந்தது. துரைசாணி வரும்போது பிள்ளை ஈரத்தரையில் பாயில் கிடந்தால் தாங்கமாட்டார் என்று அவளைப் பங்களாவுக்கே கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். அந்த நேரத்தில்தான் அத்தை வந்து எட்டிப் பார்த்தது. ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் துரைசாணி வந்து பார்த்ததும் அதே காட்சியைத்தான்.

புதைத்த மறுநாளே எப்படி அம்மா போக முடிந்தது என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அந்தப் பிள்ளைக்குச் சூடு விடல்லியே” என்றாள். “எனக்க பிள்ள போனதுக்கு அது என்ன செய்யும்?”

துரைசாணியிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, துரைசாணி வந்ததும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லி அழுதாராம். அழுகை மட்டும் விளங்கியதாம். தம்பிக்காக அழுகிறார் என்று இவள் நினைத்திருக்கிறாள்.

உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. அவளே கேட்டாள். “மத்தியாசும் இப்பிடித்தான் நெனச்சிட்டு இருக்கான், இல்லியா?”

நான் புளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இரணியல்ல இருந்து வந்த அண்ணைக்குக் கைய நீட்டினேன். வரல்ல. சின்னப் பிள்ள, பழக்கம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். வளந்த பெறவும் வரல்ல. அப்பந்தான் வெளங்கிச்சு, ஆரோ என்னமோ சொல்லியிருக்காவன்னு.”

ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். இத்தனை வருஷத்தை நினைத்துக் கோபம்.

“அவன் கேட்டானா? செத்துப்போன பிள்ளைக்கு, உயிரோட இருக்க பிள்ளைட்ட நான் சாட்சி சொல்லிட்டு நிக்கணுமா?”

இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

ஓட்டு விஷயத்தையும் சொன்னேன். “கத கொள்ளாமா?” என்று கேட்டாள். எழுதிய விதம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். “அப்பம் அவனுக்கு எது சரின்னு படுகோ அதச் சொல்லட்டும். எனக்காண்டி மோசம்னு சொல்லவேண்டாம். எனக்காண்டி கொள்ளாம்னும் சொல்லவேண்டாம்.” எழுந்து போனவள் திரும்பி வந்து, “தொரசாணிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. எனக்க பிள்ளைய நான் தனியா விடல்ல. கோவமாச் சொல்லவேண்டாம். அவ கெட்டவ இல்ல” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் புளிக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எரிச்சல் தாங்க முடியாமல் கிணற்றடிக்கு ஓடி, மாறி மாறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சிரித்தோம். ஜெபகுமாரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்த்தாள்.

இதை எழுதி முடித்ததும் என் நெஞ்சு லேசாகிவிட்டது. நானும் அத்தை சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன், மக்கா. உன்னைப்போல் விலகிப் போகாமல், மன்னித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கூடவே இருந்தேன். மன்னிக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

எலிசா

*

சிக்காகோ,
1932 ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். பனி உருகிக்கொண்டிருந்தது. எழுந்து எந்தப் பக்கம் நடந்தேன் என்று தெரியவில்லை. பழக்கமில்லாத ஒரு தெருவில் ஒரு கிழவி என்னை நிறுத்தி, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஊரிலிருந்து நல்ல செய்தி என்றேன். சொன்ன பிறகுதான் அது நல்ல செய்தி என்பதே எனக்கு உறைத்தது.

அந்த வாரம் ‘ஆயாவின் காணிக்கை’யை மறுபடியும் படித்தேன். முதல் தடவையாக அதைக் கதையாகப் படிக்க முடிந்தது. மிஸஸ் ஹாலண்டுக்கு நல்ல கை. மழையை எழுதியிருக்கிறார் பார், நம் ஊர் மழையேதான். ஆனால் கதை ஆரம்பத்திலிருந்து கட்டிலருகிலேயே நிற்கிறது. குடிசைக்குள் ஒருமுறைகூடப் போவதில்லை. அங்கே ஒரு பிள்ளை சாகிறது, அவன் எப்படி இருந்தான், எதைப் பிடித்துக்கொண்டு கிடந்தான், ஒன்றும் கிடையாது. அவன் செத்தால்தான் அவன் தாய் புன்னகைக்க முடியும் என்பதற்காகச் சாகிறான். முன்பே இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஆள் நான். எனக்கும் அந்தக் குடிசைக்குள் போகப் பயமாக இருந்தது.

மார்ச் முப்பதாம் தேதி கூடினோம். இதே காரணத்தைச் சொல்லி, வேண்டாம் என்று ஓட்டுப் போட்டேன். ஹார்ட்லி விடவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அந்தக் கதையின் கண்ணியம் என்றார். நான் பிடித்த பிடியில் நின்றேன். மிஸஸ் போர்ட்டர் என் பக்கம். அந்த இடத்துக்கு வேறொரு கதை, கணவன் இறந்த பிறகு வாடகைக்கு அறை விடும் ஒரு பெண்ணைப் பற்றியது, வந்தது. காகிதங்களைக் கட்டிவைத்த பிறகு இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்திலிருந்து அந்தப் பாயும் நனைந்த சேலையும் வரும் பகுதியை இங்கிலீஷில் சொன்னேன். ஹார்ட்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லியிருந்தால் நீங்கள் எனக்காக ஓட்டை மாற்றியிருப்பீர்கள்” என்றேன். “எனக்காண்டி வேண்டாம் என்று என் தாயார் சொல்லியிருக்கிறாள்.”

மிஸஸ் போர்ட்டர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிவிட்டேன். பத்திரிகையில் விலாசம் வாங்கி மிஸஸ் ஹாலண்டுக்கு எழுதினேன். யாருடைய மகன் என்பதையும், ஒரே பாயில் இரண்டு பிள்ளைகளும் கிடந்ததையும், அடக்கத்துக்கு மறுநாள் ஆலிஸைக் கட்டிலுக்குக் கொண்டுபோனதையும் மட்டும் எழுதினேன். கோபமில்லாமல் எழுத நாலைந்து காகிதத்தைக் கிழிக்க வேண்டியிருந்தது. தொகுப்பைப் பற்றி ஒன்றும் குறிப்பிடவில்லை.

பதில் உடனே வந்தது. ஒஹையோவில் இருக்கிறார். துரை காலமாகிவிட்டார். ஆலிஸுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். அவர் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

‘நான் வந்தபோது என் மகள் கட்டிலில் இருந்தாள். உன் தாய் ஞானப்பூ அவள் பக்கத்தில் இருந்தாள். ஞானப்பூவின் பிள்ளை இல்லை. வேறு எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைக்காக அவள் தன் பிள்ளையைக் கைவிட்டாள், அதை அவளிடம் கேட்காமலே நான் வாங்கிக்கொண்டேன் என்று இத்தனை காலம் வாழ்ந்தேன். ஆலிஸின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்த நினைப்பு வரும். கதையிலாவது நான் அங்கே இருந்து, போ என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். உன் கடிதத்தை ஆலிஸுக்குத் தொலைபேசியில் படித்தேன். அவள் ஒன்றும் கைவிடவில்லை என்று தெரிந்தது எனக்கு எப்படிப்பட்ட விடுதலை என்று உன் தாயாரிடம் சொல்ல முடிந்தால் சொல்.’

சொல்லிவிடு, அக்கா. அந்த அம்மாளும் நம்மைப்போலவே தப்பாகத் தெரிந்துகொண்டு தவித்திருக்கிறார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதிலை அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் இதே உறையில் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறேன், நீ பிரிக்காதே. அவளே படிக்கட்டும். எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

மத்தியாஸ்

*

நாகர்கோவில்,
1932 ஜூன் 2

மக்கா மத்தியாஸ்,

இடவப்பாதி மழை நேற்றுத் தொடங்கிவிட்டது. கூரையில் ஓட்டை இல்லாத ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடிதம் வந்தபோது அம்மா அடுக்களையில் இருந்தாள். உனக்குத்தான் என்று கையில் கொடுத்தேன். எனக்கா என்று இரண்டு தடவை கேட்டாள். பைபிளைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதடு அசைய, கதவருகே வெளிச்சத்தில் நின்று படித்தாள். நான் கிட்டே போகவில்லை. நீ என்ன எழுதினாய் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படித்து முடித்து மடித்தாள். பிறகு மறுபடியும் பிரித்து முதலிலிருந்து படித்தாள். அன்று மீன்குழம்பில் உப்பே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

துரைசாணி எழுதியதை நான் படித்துக் காட்டினேன். “பாவம்” என்றாள். “கேட்டிருந்தா அண்ணைக்கே சொல்லியிருப்பேனே. பாஷ தெரியாமப் போச்சு.” ஆலிஸுக்குப் பையன் இருப்பதில் அவளுக்கு ஏகத் திருப்தி. பையன் யார் ஜாடை என்று அடுத்த கடிதத்தில் கேட்க வேண்டுமாம்.

இரணியலுக்கு நான் போய்வந்தேன். அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கத்திக் கத்திச் சொன்னேன். “ஞானப்பூவ ஒருக்க வரச் சொல்லு” என்று மட்டும் சொன்னாள். அம்மா அடுத்த வாரம் போகிறாள். புது முண்டு வாங்கி வைத்திருக்கிறாள், அத்தைக்கு.

இரண்டு நாளாக அம்மா சத்தமாகப் பாடிக்கொண்டு வேலை செய்கிறாள். அவளுக்கு ராகம் பிடிபடாது என்பது உனக்குத் தெரியும். ஜெபகுமாரி வேலிக்கு வந்து என்ன விசேஷம் என்று கேட்டாள். “எனக்க மவன் எழுதியிருக்கான்” என்றாள் அம்மா. இத்தனை வருஷமாக நீ எனக்கு எழுதியதெல்லாம் கணக்கிலேயே இல்லை. எனக்கு வருத்தமில்லை, இனி உன் கடிதத்துக்கு நான் மட்டும் பதில் எழுத வேண்டியதில்லை.

இன்று மத்தியானம் என்னிடம் தாளும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் எழுதி நான் பார்த்ததே இல்லை. மையை விரலிலும் சேலையிலும் ஆக்கிக்கொண்டு, உன்னை எப்படி அழைத்துத் தொடங்குவது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவில் நடுவராக இருக்கிறவனுக்கு மரியாதையாக எழுத வேண்டாமா என்று அவளுக்குச் சந்தேகம். கடைசியில் என்னிடம் வந்து, “ஏலே மத்தியாசுன்னு எழுதலாமா, பிள்ளே?” என்று கேட்டாள்.

எழுதலாம் என்று சொல்லிவிட்டேன்.

எலிசா